போர்ட்டல் என்றால் போர்த்தல்

அக்டோபர் 9, திங்கள்

டாக்டரம்மா சொன்னது என்னவோ என் தங்கை மகள் இசக்கியிடம்தான். "அம்மா என்ன சாப்பிடுறாங்க, எப்ப வாந்தி எடுக்குறாங்க, என்ன நிறத்துல, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்க." இசக்கி என்னைப் பார்த்தாள். எழுத்து வேலை என்று வந்துவிட்டால் எங்கள் குடும்பத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. நான் பத்தாம் வகுப்பின் வாசல் வரை போனவன். உள்ளே போகவில்லை என்பது வேறு விஷயம். நகைக்கடையில் கொடுத்த டைரி ஒன்று ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. அதற்கு இன்றைக்கு விடிந்திருக்கிறது.

எழுதுகிறவன் பெயர் ஐகோர்ட்துரை. குலசாமி பெயர். தொழில், நுழைவாயில் நிர்மாணம். கல்யாணம், மாநாடு, சடங்கு, குலசை தசரா, எதுவானாலும் முகப்பில் அரண்மனை மாதிரி ஒன்று நிற்கும் அல்லவா, அது நம்முடையது. மூங்கில் கட்டி, துணி போர்த்தி, தெர்மாகோல் யானை நிறுத்துவது. துணியைச் சுருக்கம் விழாமல் போர்த்துவதில் இந்த ஜில்லாவில் என்னை அடிக்க ஆள் கிடையாது. மைசூரிலிருந்து ஒரு மகாராஜா குடும்பம் வந்து பார்த்துவிட்டு வாயடைத்துப் போனது. அதை இங்கே எழுதினால் தற்பெருமை ஆகிவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை என் தங்கை வடிவு ஒரு வாளி ரத்தம் வாந்தி எடுத்தாள்.

(இசக்கி எட்டிப் பார்த்துவிட்டு, "வாளின்னு எழுதாதிய மாமா, டாக்டர் படிப்பாவ. ரெண்டு டம்ளர்தான்" என்கிறாள். சரி. இரண்டு டம்ளர்.)

பெரியாஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, உள்ளே ரப்பர் வளையம் போட்டு ரத்தத்தை நிறுத்தியிருக்கிறார்கள். கல்லீரலுக்குப் போகிற 'போர்ட்டல் வெயின்' என்கிற பெரிய குழாயில் அடைப்பாம். "போர்ட்டல் எனக்குத் தெரிஞ்ச சமாச்சாரம்தான் மேடம்" என்றேன். டாக்டரம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். படித்தவர்களுக்கு நம்மைக் கண்டால் வரும் மரியாதை.

அக்டோபர் 10, செவ்வாய்

பால் கால் டம்ளர். வாந்தி இல்லை.

பார்வை நேரத்தில் வார்டில் இருந்தவர்களுக்குப் போர்ட்டல் என்ற சொல்லின் பிறப்பை விளக்கினேன். அது தமிழ்ச்சொல். அரண்மனை வாசல் என்பது என்ன? கம்பு, கயிறு, மேலே துணி. துணியைப் போர்த்தினால் வாசல். போர்த்தல், போர்ட்டல். முத்துக்குளிக்க வந்த போர்த்துகீசியன் நம் ஊர்ப் பந்தலைப் பார்த்து அசந்துபோய் இந்தச் சொல்லைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனான். அதனால்தான் அவனுக்கே போர்த்துகீசியன் என்று பெயர். பக்கத்துக் கட்டில் அம்மாள், "இவ்வளவு விஷயம் இருக்கா அதுல" என்று வலியை மறந்து கேட்டாள்.

டாக்டரம்மா, பெயர் பெனாசிர், காயல்பட்டினத்துக்காரர், பின்னால் நின்று சிரித்தார். "அண்ணாச்சி, லத்தீன்ல போர்ட்டான்னா கோட்டை வாசல், பெரிய கதவு. அதுல இருந்து வந்தது. கோயில், மாளிகை முகப்பு வாசலுக்குச் சொல்லுவாங்க. கல்லீரலுக்கு அடியில ஒரு பள்ளம் இருக்கு. பழைய காலத்து வைத்தியருங்க அதைக் கல்லீரலோட வாசல்னு பேர் வச்சாங்க. அந்த வாசல் வழியாப் போற குழாய், போர்ட்டல் வெயின்."

"லத்தீன்காரன் அத எங்கேருந்து எடுத்தான்?"

"அது தெரியலை. ஆனா உங்க தங்கச்சிக்கு அந்த வாசல் அடைச்சுக்கிட்டுது. உள்ள போக வழியில்லாம ரத்தம் வேற பக்கம் முட்டி வெடிக்குது. மறுபடி வெடிக்கிறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணணும்." பிறகு என்னிடம் மட்டும், "சீக்கிரமா" என்றார்.

லத்தீன்காரன் விஷயத்தில் அவரிடம் பதில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 11, புதன்

இட்லி ஒன்றரை. கஞ்சி அரை டம்ளர். வாந்தி இல்லை. வடிவு கேட்டாள், "ஏண்ணே, தசரா சீசன்ல்லா, வேலைக்குப் போவலியா?" என் கம்பெனியில் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன்.

அக்டோபர் 12, வியாழன்

ஆபரேஷன் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில்தான். சிகிச்சை அட்டை இருந்தால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். அட்டைக்குப் போர்ட்டலில் விண்ணப்பம் போட வேண்டுமாம். அங்கேயும் போர்ட்டல்! நான் சொன்னேன் அல்லவா, பெரிய சொல் என்று. நானும் இசக்கியும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். உட்கார்ந்திருந்தவன் தலையைத் தூக்காமலே கேட்டான்.

"கூட வந்திருக்கவங்க பேரு?"

"ஐகோர்ட்."

"கேஸ் எங்க நடக்குன்னு கேக்கலை அண்ணாச்சி. பேரு."

விளக்கினேன். வரிசையில் நின்றவர்களுக்கும் சேர்த்து விளக்கினேன். அவன் வடிவின் குடும்ப அட்டை நம்பரைத் தட்டினான். சிவப்பில் எழுத்து வந்தது: தகுதி இல்லை. கீழே காரணம்: வசதியான குடும்பம். வீட்டு முகப்பு, இரண்டு அடுக்குத் தேக்கு நுழைவாயில், யானைச் சிற்பங்கள். ஒரு போட்டோவும் இருந்தது.

"யானையெல்லாம் நிக்கி. அரண்மனைக்காரங்களுக்கு எதுக்கு அட்டை?" என்று சிரித்தான்.

படம் தெளிவாக இல்லை. அந்தக் கம்ப்யூட்டரே பழசு. எவனோ கணக்கெடுக்க வந்தவன் வேறு வீட்டுப் படத்தை ஒட்டியிருக்கிறான் என்று சொன்னேன்.

"மாமா, அது எங்க வீட்டு வேப்பமரம்" என்றாள் இசக்கி.

"வேப்பமரம் எல்லா வீட்டுலயும் இருக்கும்."

"ஒத்தக்காது யானை எல்லா வீட்டுலயும் இருக்குமா?"

வெயில் அதிகம். மோர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அக்டோபர் 13, வெள்ளி

இட்லி ஒன்று. வாந்தி இல்லை. கறுப்பாக வெளிக்குப் போயிருக்கிறது, டாக்டரம்மாவிடம் சொன்னோம்.

ஒத்தக்காது யானை பற்றி ஒரு விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இசக்கி பெரியவளான சடங்கு. அதற்கு ஒரு வருஷம் முன்புதான் மச்சான் இறந்திருந்தார். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் எப்படி இருக்க வேண்டும்? ஊர் பேசும்படி இருக்க வேண்டும். வடிவின் கொழுந்தன் பெண்டாட்டி பொன்னுக்கனி முதல் நாளே தெருவில் நின்று சொல்லியிருக்கிறாள், "பாப்போம், மாமங்காரன் கையை வீசிட்டு வாரானா, தட்டோட வாரானான்னு." நான் இருபத்தொரு தட்டு கொண்டு போனேன். இருபத்தொன்று இல்லாவிட்டாலும் ஏழு இருக்கும்.

தட்டு முக்கியமில்லை. வாசல்! அந்த ஓட்டு வீட்டுக்கு முன்னால் இரண்டு அடுக்கு அரண்மனை வாசலை எழுப்பினேன். தேக்கு நிறத்தில் துணி. பொன் நிறத்தில் விளிம்பு. இரண்டு யானை, வருகிற வழியில் ஒன்றுக்குக் காது உடைந்துவிட்டது. தெருவே வாயைப் பிளந்தது. பொன்னுக்கனி தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள். "பாலிஷ் காயலை, தொடாதிய. அசல் தேக்கு" என்றேன். தேக்கு மாதிரி என்று சொல்ல வந்தது, கூட்டத்தில் 'மாதிரி' காதில் விழுந்திருக்காது.

அன்றைக்கு ஒரு வாத்தியார் வீடு வீடாகக் கணக்கெடுத்துக்கொண்டு வந்தார். பொன்னுக்கனி பக்கத்தில் நின்றாள். வாத்தியார், "வாசல் எப்படி?" என்று கேட்டார். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அவர் படம் எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை, நேற்று வரை.

வடிவிடம் இது ஒன்றையும் சொல்ல வேண்டாம் என்று இசக்கியிடம் சொல்லிவிட்டேன். பிரஷர் ஏறக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 16, திங்கள்

தாலுகா ஆபீசில் மனு. நாளைக்கு ஆர்.ஐ. மேடம் நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார். பார்த்தால் முடிந்தது. இரண்டு அறை, ஓடு. எதிரில் நின்றே முழு வீட்டையும் பார்த்துவிடலாம். அந்த மேடத்தின் மாமனாருக்கும் எனக்கும் பழைய பழக்கம் என்று இசக்கியிடம் சொன்னேன். இருக்கலாம்.

அக்டோபர் 17, செவ்வாய்

மேடம் வந்தார். ஜெசிந்தா என்று பெயர். கண்டிப்பு, ஆனால் கெட்டவர் இல்லை. வெயிலில் நடந்தே வந்திருந்தார். தெரு கூடிவிட்டது. பொன்னுக்கனி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன் வரிசையில்.

மேடம் போட்டோவையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மரம் அதேதான். வாசல் எங்கே?"

"அப்ப இருந்துச்சு மேடம். பொறவு எடுத்தாச்சு."

"எடுத்தாச்சுன்னா? தேக்குன்னு பதிவாயிருக்கு. வித்தீங்களா? வேற வீட்டுக்குக் கொண்டு போனீங்களா?"

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் பொன்னுக்கனி. "அன்னைக்கு அசல் தேக்கு, பாலிஷ் காயலைன்னுல்லா என் கையத் தட்டிவிட்டிய?"

ஒரு வார்த்தைதான். துணி. இரண்டே எழுத்து. இருமத்தான் வந்தது. அந்தத் தெருவில் புழுதி அதிகம்.

"நீங்க தாய்மாமன்தானே. அட்டை யார் பேர்ல இருக்கோ அவங்கதான் சொல்லணும்" என்று மேடம் இசக்கியின் போனை வாங்கி, அவள் அம்மாவைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியைப் போட்டார். வடிவின் குரல் ஆஸ்பத்திரியிலிருந்து மெலிதாக வந்தது.

"அம்மா, உங்க வீட்டு முன்னால ஒரு பெரிய வாசல் இருந்ததா பதிவு இருக்கு. அது நிஜ வாசலா, பொய்யா?"

பொன்னுக்கனி உரக்கச் சொன்னாள், "சொல்லு வடிவு, உங்க அண்ணன் போட்டது நிஜமா பொய்யா?"

பிறகு என் தங்கை, இரண்டு நாளாகத் தண்ணீர் கேட்கக்கூட வாயைத் திறக்காதவள், தெளிவாகச் சொன்னாள்.

"நிஜ வாசல்தான் மேடம். எங்க அண்ணன் எம்மவ சீருக்குப் போட்டது. நல்ல தேக்கு. ஊரே அதுக்குள்ளாரதான் வந்து சாப்ட்டுட்டுப் போச்சு."

இசக்கி, "அம்மா!" என்று கத்தினாள். மேடம் எழுதிக்கொண்டார். நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 18, புதன்

போர்ட்டலில் வந்துவிட்டது. நிராகரிக்கப்பட்டது. இட்லி ஒன்று.

அக்டோபர் 19, வியாழன்

இசக்கி என்னோடு பேசவில்லை. காலையில் ஒரே ஒரு தடவை பேசினாள். "நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வடிவிடம் சொன்னேன். அட்டை, போட்டோ, வாத்தியார், எல்லாம். வாத்தியாரிடம் "இது எங்க ஜமீன் வாசல், பர்மா தேக்கு" என்று சொன்னது உட்பட. ஞாபகம் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். ஞாபகம் இருக்கிறது.

"அது துணிட்டி" என்றேன்.

"எனக்குத் தெரியாதாண்ணே?" என்றாள். "மறுநாள் காலைல நீ ஒத்தையாளா அத அவுத்துச் சுருட்டுனப்ப நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுல்லா இருந்தேன். யானைய நீ கக்கத்துல இடுக்கிட்டுப் போன."

"பின்ன ஏண்டி நிஜம்னு சொன்ன?"

"எதுக்குக் கேக்காவன்னு எனக்கு எப்படித் தெரியும்? பொன்னுக்கனி சத்தம் கேட்டுச்சு. அத்தன பேரு மத்தியில எங்க அண்ணன் பொய்யின்னு என் வாயால சொல்லுவனா?"

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "தாலி இல்லாதவன்னு சடங்கன்னைக்கு என்னைய அடுக்களைய விட்டு வெளிய விடல. எல்லாரும் போன பொறவு விடியக்கால ஒருக்க அந்த வாசல் வழியா வெளிய போய், திரும்ப உள்ள வந்தேன். ரெண்டு யானையும் என்னையத்தான் பாத்துச்சு" என்று சிரித்தாள்.

இதை எழுதும்போது பேனா சரியாக எழுதவில்லை.

அக்டோபர் 20, வெள்ளி

தாலுகா ஆபீஸ். மேடம் வேறு ஊர் விசாரணைக்குப் போயிருக்கிறார். நாளை சனி, ஞாயிறு, பிறகு ஆயுத பூஜை, விஜயதசமி. புதன்கிழமை வரச் சொன்னார்கள். மறு மனுவை இன்றே போர்ட்டலில் போடலாம் என்று சென்டருக்குப் போனால் போர்ட்டல் திறக்கவில்லை. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் அந்த வட்டத்தைப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தவன், "பெரிய வாசல்தான் அண்ணாச்சி, ஆனா காவக்காரன் தூங்கிட்டான்" என்றான். அன்றைக்குச் சிரித்தது போலச் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா தினமும் கேட்கிறார், "மதுரை என்னாச்சு?" ஆகிக்கொண்டிருக்கிறது என்று சொல்கிறேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

வாயால் சொன்னதை இனி யார் நம்புவார்கள்? கண்ணால் காட்ட வேண்டும். பந்தல் சாமான் கிட்டங்கிக்குப் போனேன். என் கம்பெனி என்று எழுதியிருந்தேன், கம்பெனி முதலாளியுடையது. நான் அங்கே துணி போர்த்துகிறவன். "தசரா நேரத்துல பத்து நாளா ஆளக் காணும், இப்ப வாசல் வேணுமாம்" என்று முதலாளி சத்தம் போட்டார். பிறகு விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். நல்ல சட்டங்கள் எல்லாம் குலசைக்குப் போய்விட்டன. பழைய மூங்கில், எலி கடித்த தேக்கு நிறத் துணி. மூலையில் ஒத்தக்காதன் நின்றான். ஜோடியைக் காணோம்.

அக்டோபர் 24, செவ்வாய்

கட்டி முடித்தேன். ஆஸ்பத்திரியில் இசக்கி எழுதியது: கஞ்சி கால் டம்ளர், கறுப்பாக இரண்டு முறை.

அக்டோபர் 25, புதன்

மேடம் வந்தார். காலையிலேயே ஆபீசில் போய் நின்று கூட்டிவந்தேன். வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "திரும்பவும் கொண்டு வந்துட்டீங்களா?"

"இந்தப் பக்கம் வாங்க மேடம்."

அவரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்பக்கத்தைக் காட்டினேன். என் தொழிலில் பின்பக்கத்தை யாருக்கும் காட்டக்கூடாது. மூங்கில், தேங்காய்நார்க் கயிறு, யாரோ இரண்டு பேரின் கல்யாண பேனரைத் திருப்பிப் போட்டுத் தைத்த ஒட்டு. யானையின் முதுகில் பிஸ்கட் அட்டைப்பெட்டி. பொன்னுக்கனியும் வந்தாள், தெருவும் வந்தது.

"துணி மேடம்" என்றேன். "அன்னைக்கும் துணிதான். சீர் செய்ய எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ஏழு தட்டும் இல்ல. பொய் சொன்னது நான்தான். எந்தங்கச்சி இல்ல."

பொன்னுக்கனி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் துணியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

மேடம் முன்னும் பின்னும் படம் எடுத்தார். வடிவுக்குப் போன் போட்டார். "துணிதான் மேடம்" என்றது அந்தக் குரல். "எங்க அண்ணன் போர்த்துனது."

மேடம் அங்கேயே நின்று போனில் அறிக்கையை ஏற்றினார். கிளம்பும்போது சொன்னார், "இத அன்னைக்கே சொல்லியிருந்தா எட்டு நாள் மிச்சம்."

போர்ட்டல்: பரிசீலனையில். முடிவு வந்தால் இசக்கியின் போன் சொல்லும்.

அக்டோபர் 26, வியாழன்

பரிசீலனையில்.

அக்டோபர் 27, வெள்ளி

பரிசீலனையில். இந்தச் சொல்லின் பிறப்பைப் பக்கத்துக் கட்டில் அம்மாள் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அட்டை வராமலே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். வழியில் தாங்க மாட்டார் என்றார். இங்கே முடிந்ததை எல்லாம் செய்கிறார்கள். கஞ்சி இரண்டு கரண்டி. வடிவு கேட்டாள், "அந்த வாசல அவுத்துட்டியாண்ணே?" நேரமில்லை, நிற்கிறது என்றேன். "நிக்கட்டும். வரும்போது பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அக்டோபர் 28, சனி

காலை ஆறேகால். ரத்தம். ஒரு வாளி.

இசக்கி எட்டிப் பார்த்தாள். திருத்தவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

முதலாளி பந்தல் போட ஆள் அனுப்பியிருந்தார். வந்தவர்கள், "வாசலப் பிரிச்சிரவா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அதன் வழியாகத்தான் அவளைக் கொண்டு வந்தோம். நிமிர்ந்தே வரலாம், உயரம் பதினெட்டு அடி. இல்லை, பன்னிரண்டு.

பிறந்த வீட்டுக் கோடித்துணியை அண்ணன்தான் போட வேண்டும் என்று பெரியவர்கள் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சேலை. புதுத்துணிக் கஞ்சி, விறைப்பாக இருந்தது. பொன்னுக்கனி அழுதுகொண்டே மறுமுனையைப் பிடித்தாள். இசக்கியின் மடியில் இருந்த போன் இரண்டு தடவை அதிர்ந்தது. அவள் எடுத்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை.

கால்மாட்டிலிருந்து மேலே, கழுத்து வரை போர்த்தினேன். இந்த ஜில்லாவில் என்னை அடிக்க ஆள் கிடையாது. ஒரு சுருக்கம் விழவில்லை.